வேலிக்குள் நாமா, வெளியிலா? அகமதாபாத் தீர்ப்பும் அண்டை வீட்டு உரிமையும்



சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்த பிறகு, நாவலூர், படூர், தாழம்பூர், கேளம்பாக்கம் எனப் பழைய மகாபலிபுரம் சாலையின் இருபுறமும் அடுக்குமாடிகள் எழுந்தன. வயலும் ஏரிக்கரையுமாக இருந்த நிலத்தில் இன்று சுற்றுச்சுவரும் காவலர் கூண்டும் கொண்ட குடியிருப்புகள் நிற்கின்றன. வேலைக்காக இங்கு வந்த நம் சமுதாயக் குடும்பங்களும் பல. அவற்றுள் ஒரு குடும்பத்துக்கு அண்மையில் நேர்ந்ததை அவர்களே நம்மிடம் கூறினர். வீடு பிடித்திருந்தது, விலையும் பேசி முடிந்தது, முன்பணம் கொடுக்கும் நாளும் குறிக்கப்பட்டது. பெயரைக் கேட்ட பின்னர், "அசோசியேஷனில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று தரகர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். எழுத்தில் எதுவும் தரப்படவில்லை.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, மூத்த சகோதரர் ஒருவர் ஒரு யோசனையை முன்வைத்தார். "நாமே பத்து ஏக்கர் வாங்குவோம். நம்மவர்க்கு மட்டும் விற்பது, வேறு எவர்க்கும் மறுவிற்பனை இல்லை என்று விதி எழுதிக்கொள்வோம். பார்சிகளுக்கு உச்ச நீதிமன்றமே அனுமதி கொடுத்திருக்கிறதே, நமக்கு மட்டும் ஏன் கூடாது?" என்றார். பலரும் தலையசைத்தனர். காயம்பட்ட மனத்துக்கு அந்த யோசனை இதமாகத்தான் இருந்தது. ஆயினும் அவர் சுட்டிய தீர்ப்பு எத்தகையது, அது யாருக்கு எதைக் கொடுத்தது என்பதை அறியாமல் அவ்வழியில் அடியெடுத்து வைப்பது முறையாகாது. இக்கட்டுரை அதற்காகவே எழுதப்படுகிறது.

அகமதாபாதில் தொடங்கிய வழக்கு

1925-ஆம் ஆண்டின் பம்பாய்க் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ், 1926-இல் அகமதாபாதில் பார்சிகளின் வீட்டுவசதிச் சங்கம் ஒன்று பதிவாயிற்று. ஜொராஸ்டிரியர் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் என்ற பெயரில் பின்னாளில் அது நாடறிந்தது. பார்சி சமூகத்தவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்பது அதன் துணைவிதி. உறுப்பினர் அல்லாதார் அங்கே வீட்டுக்கு உரிமையாளராக முடியாது என்பதால், உறுப்பினர் விதியே விற்பனைக்கும் வேலியாயிற்று.

இவ்விதியின் பின்னணியை நாம் நியாயத்தோடு நோக்க வேண்டும். பார்சிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஈரானிலிருந்து குஜராத் கரைக்கு வந்து குடியேறிய சிறுபான்மையினர். 1941-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஏறத்தாழ 1,14,000 பேர் இருந்தனர். 2011-இல் அத்தொகை 57,264 ஆகக் குறைந்துவிட்டது. எண்ணிக்கையில் தேய்ந்து வரும் சமூகம் தன் மக்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்க விரும்பியது. மும்பையில் 'பாக்' எனப்படும் பார்சிக் குடியிருப்புகள் உருவானதும் இவ்விருப்பத்தால்தான்.

பல்லாண்டுகள் கழித்து, தந்தை வழியாக வீட்டைப் பெற்ற உறுப்பினர் ஒருவர் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டி விற்க முயன்றார். பார்சி அல்லாதார்க்கு விற்கலாகாது என்று சங்கம் தடுத்தது. கூட்டுறவுத் துறை அதிகாரிகளும், பின்னர் குஜராத் உயர் நீதிமன்றமும் உறுப்பினர் பக்கம் நின்றனர். சொத்தை விற்கும் உரிமையை இத்துணைவிதி முடக்குகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது.

2005 ஏப்ரல் 15 அன்று நீதிபதிகள் பி.என். ஸ்ரீகிருஷ்ணா, பி.கே. பாலசுப்பிரமணியன் ஆகியோர் அடங்கிய அமர்வு சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பாலசுப்பிரமணியன். அதன் சாரம் மூன்று செய்திகளில் அடங்கும். முதலாவது, சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு தரும் அடிப்படை உரிமை. யாரோடு சேர்வது என்பதைத் தீர்மானிப்பதும் அவ்வுரிமையைச் சேர்ந்தது. இரண்டாவது, சமயத்தின் பேரால் பாகுபாடு காட்டலாகாது என்னும் 15-ஆவது பிரிவின் முதல் கட்டளை அரசைக் கட்டுப்படுத்துகிறது. தனியார் கூட்டுறவுச் சங்கத்தை அன்று. மூன்றாவது, விதியை அறிந்தே, தாமாக விரும்பி உறுப்பினரானவர், பின்னர் அவ்விதி தம்மைக் கட்டாது என்று கூற இயலாது. இத்தகைய விதிகள் கூடாதெனில் அதற்குச் சட்டம் இயற்றுவது சட்டமன்றத்தின் பணி. நீதிமன்றம் பொதுக்கொள்கை என்னும் பெயரில் அதைச் செய்யலாகாது என்றும் தீர்ப்பு கூறியது.

எனவே நம் சகோதரர் சொன்னது முற்றிலும் தவறன்று. ஆனால் அவர் கவனிக்காத ஒன்று உண்டு. தேய்ந்து வரும் சிறுபான்மைக்கு மட்டும் உரிய விலக்காக அத்தீர்ப்பு எழுதப்படவில்லை. ஐம்பதாயிரம் பேர் கொண்ட சமூகத்துக்குத் திறந்த அதே கதவு, கோடிக்கணக்கானோர் கொண்ட சமூகத்துக்கும் திறந்திருக்கிறது. பார்சிச் சங்கம் நம்மை உள்ளே விடாததால் நாம் வீடற்றுப் போவதில்லை. பெரும்பான்மையினர் வாழும் நகரெங்கும் அதே விதி எழுதப்பட்டால் நாம் எங்கே போவோம்?

அதே நகரத்தின் மறுபக்கம்

இவ்வினாவுக்கு விடை தேட அகமதாபாதைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. 1973-இல் சபர்மதி ஆற்றில் வெள்ளம் வந்து குடிசைகளை இழந்த மக்களுக்காக, நகரின் தென்மேற்கு விளிம்பில் சங்கலித் நகர் அமைக்கப்பட்டது. அங்கே இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே குடியேறினர். பின்னர் கலவரங்கள் வந்தன. 1985-க்குப் பிறகும், 1992-க்குப் பிறகும், 2002-க்குப் பிறகும் அச்சத்தால் மக்கள் இடம் மாறினர். இந்துக்கள் வெளியேறினர், நகரின் பிற பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் வந்து சேர்ந்தனர். ஜுஹாபுரா என்று இன்று அறியப்படும் அப்பகுதி நாட்டின் மிகப் பெரிய முஸ்லிம் குடியிருப்புகளுள் ஒன்றாயிற்று. கூலித் தொழிலாளியும் நீதிபதியும் மருத்துவரும் அங்கேதான் வாழ வேண்டிய நிலை ஏற்பட்டது. வசதி படைத்தோர் இருந்தும், சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளுக்கு அப்பகுதி நெடுங்காலம் காத்திருந்தது.

குஜராத்தில் அமைதி குலைந்த பகுதிகளுக்கான சட்டமும் உண்டு. 1986-இல் முதலில் வந்து, 1991-இல் புதிய வடிவம் பெற்ற அச்சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் வீடு விற்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். கலவரத்துக்கு அஞ்சி மக்கள் அடிமாட்டு விலைக்கு வீட்டை விற்றுவிட்டு ஓடுவதைத் தடுப்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. நடைமுறையிலோ, ஒரு சமயத்தார் மறு சமயத்தார்க்கு விற்பதைத் தடுக்கும் கருவியாகவும் அது ஆயிற்று. காப்பதற்காகக் கட்டிய சுவர், பிரிப்பதற்கான சுவராக மாற அதிக காலம் ஆகவில்லை.

அகமதாபாத் தீர்ப்பு வருவதற்கு ஒரு மாதம் முன்புதான், 2005 மார்ச்சில், நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2006 நவம்பரில் வெளிவந்த அதன் அறிக்கை, முஸ்லிம்களுக்கு வீடு விற்கவும் வாடகைக்கு விடவும் பலர் மறுப்பதையும், அதனால் அவர்கள் ஒரே இடத்தில் ஒடுங்குவதையும், அப்படி ஒடுங்கிய பகுதிகளைப் பொதுச் சேவைகள் எட்டாமல் போவதையும் பதிவு செய்தது. பத்து ஏக்கர் வேலியைப் பற்றிப் பேசும்போது இதை நாம் மறக்கலாகாது. நாம் விரும்பி ஒதுங்கினாலும், பிறர் நம்மை ஒதுக்கினாலும், குழாயில் தண்ணீர் வருவதற்குக் காத்திருப்போர் நாமே.

மூடிய கதவுகளைக் கண்ட ஒருவர்

வீடு மறுக்கப்படுவதன் வலியை டாக்டர் அம்பேத்கரைப் போல் எழுதியவர் அரியர். பரோடா அரசரின் உதவியால் அமெரிக்காவில் படித்துவிட்டு, 1917-இல் அவர் பரோடாவுக்குப் பணியேற்க வந்தார். எந்த விடுதியும் தீண்டத்தகாதவராகக் கருதப்பட்டவரை ஏற்காது. ஆகவே பார்சிப் பெயரைச் சொல்லிப் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். பதினோராம் நாள் காலையில் பார்சிகள் சிலர் கையில் தடியோடு வந்து நின்றனர். அன்று மாலைக்குள் வெளியேற வேண்டும் என்பது அவர்களின் ஆணை. இந்து நண்பர் ஒருவரிடமும் கிறித்தவ நண்பர் ஒருவரிடமும் இடம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. பொதுப் பூங்காவில் பொழுதைக் கழித்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும் நாம், நல்ல வேளையாக அப்பட்டியலில் நம்மவர் இல்லை என்று பெருமூச்சு விடுவதற்கில்லை. அவரே எழுதிய மற்றொரு நிகழ்ச்சி 1934-இல், ரமளான் மாதத்தில், தௌலதாபாத் கோட்டையில் நடந்தது. சுற்றுலா வந்த அவரும் அவர் தோழர்களும் வாயிலருகே இருந்த குளத்தில் கைகால் கழுவினர். வெண்தாடி முதியவரான முஸ்லிம் ஒருவர், குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று கூச்சலிட்டபடி வந்தார். கூட்டம் சேர்ந்தது. இறுதியில், கோட்டைக்குள் எங்கும் தண்ணீரைத் தொடலாகாது என்ற நிபந்தனையுடன், ஆயுதம் தாங்கிய காவலாளியின் துணையோடுதான் அவர்கள் உள்ளே விடப்பட்டனர். நோன்பு மாதத்தில், உளூ செய்யும் நீரை வைத்து, மனிதர்களை நம்மவர் விலக்கினர். கதவை மூடும் நோய் எந்தச் சமுதாயத்தையும் பற்றும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று நமக்கு வேண்டுமா?

அதே அம்பேத்கர்தான் பின்னர் அரசமைப்பு அவையில் நின்றார். 15-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், சாலைகள் முதலியவற்றில் எவரையும் சமயம், சாதி முதலியவற்றின் பேரால் தடுக்கலாகாது என்கிறது. இது அரசை மட்டுமன்றித் தனியாரையும் கட்டுப்படுத்தும். 1948 நவம்பர் 29 அன்று நடந்த விவாதத்தில், 'கடை' என்னும் சொல் பணம் பெற்றுச் சேவை அளிக்கும் எவரையும் குறிக்குமாறு விரிந்த பொருளில் ஆளப்பட்டது என்று அவர் விளக்கினார். அவ்விளக்கத்தை 2011-இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்தாண்டது. பொதுமக்களுக்கு விளம்பரம் செய்து வீடு விற்பவர், வாங்க வந்தவரின் சமயத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்பலாமா என்ற வினாவை இவ்வழியில் எழுப்ப இடம் உண்டு.

அவ்விவாதம் நடந்த அதே 1948-இல், மே 3 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் தீர்ப்பளித்தது. செயின்ட் லூயிஸ் நகரத் தெரு ஒன்றின் வீட்டுக்காரர்கள், கறுப்பின மக்களுக்கு விற்பதில்லை என்று 1911-இல் ஒப்பந்தம் எழுதியிருந்தனர். தனியார் தமக்குள் எழுதிக்கொள்வதை அரசமைப்பு நேரடியாகத் தடுக்கவில்லை என்று அந்நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் அதை நிறைவேற்றித் தரும்படி நீதிமன்றத்தை நாடினால், ஆணையிடுவது அரசின் செயலாகிவிடும். அது கூடாது என்றது. இருபது ஆண்டுகள் கழித்து, 1968-இல், வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அங்கு வந்தது. நம் நாட்டிலோ அத்தகைய பொதுச் சட்டம் இன்னும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மனை, வீட்டு விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்திலும் சமயத்தின் பேரால் மறுப்பதைத் தடுக்கும் பிரிவு கிடையாது.

நம் மரபு சொல்வது என்ன?

அண்டை வீட்டை யார் வாங்கலாம் என்ற வினா நம் ஃபிக்ஹுக்குப் புதிதன்று. ஷுஃப்ஆ எனப்படும் முன்கொள்முதல் உரிமையைப் பற்றி இமாம்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஒருவர் தம் சொத்தை வெளியாருக்கு விற்கும்போது, அதே விலைக்கு அதைத் தமக்குத் தரும்படி கேட்கும் உரிமை அது. நம் தமிழ் முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் கூட்டு உரிமையாளருக்கே அவ்வுரிமை உண்டு. ஹனஃபி மத்ஹபோ அடுத்த வீட்டுக்காரருக்கும் அதை அளிக்கிறது.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் இமாம் மர்கீனானி இயற்றிய ஹிதாயா, இவ்வுரிமையில் முஸ்லிமும் முஸ்லிம் அல்லாத குடிமகனும் சமம் என்கிறது. ஹன்பலி அறிஞர்கள் இதில் மாறுபட்டனர். ஆயினும் ஹனஃபிச் சட்டம் சமத்துவத்தின் பக்கமே நின்றது. அதாவது, முஸ்லிம் ஒருவர் வீடு வாங்க வரும்போது, அடுத்த வீட்டு யூதரோ கிறித்தவரோ முன்வந்து தமக்குரிய உரிமையைக் கேட்கலாம். அண்டை வீட்டார் என்ற தகுதி அங்கே சமயத்தால் அளக்கப்படவில்லை.

இந்தியாவில் இவ்வுரிமை வேறு பாதையில் போயிற்று. வடநாட்டிலும் குஜராத்திலும் இந்துக்களும் அதை வழக்கமாக ஏற்றுக்கொண்டனர். நாளடைவில் அது அந்நியரைத் தெருவுக்குள் விடாமல் தடுக்கும் வழியாயிற்று. நம் சென்னை மாகாணத்தில் மட்டும் நிலை வேறு. 1870-இல், இரு முஸ்லிம்களுக்கிடையே எழுந்த வழக்கில், விற்கும் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் இவ்வுரிமை நீதிக்கும் நல்ல மனச்சான்றுக்கும் ஒவ்வாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. வழக்காறாக நிலவிய மலபாரில் மட்டும் அது நீடித்தது.

1962-இல் பாவ் ராம் எதிர் பைஜ்நாத் வழக்கில், அண்டை வீட்டார் என்ற காரணத்துக்காக மட்டும் அளிக்கப்படும் முன்கொள்முதல் உரிமையை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அந்நியரை விலக்கி ஒரே இனத்தார் சேர்ந்து வாழ வழி செய்வதே அவ்வுரிமைக்குச் சொல்லப்பட்ட காரணம். புதிய அரசமைப்பின்கீழ் அக்காரணம் நிற்காது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். ஆனால் அத்தீர்ப்பு சொத்துரிமையை அடிப்படை உரிமையாகக் கொண்டு எழுதப்பட்டது. 1978-இல் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அப்பட்டியலிலிருந்து நீக்கிற்று. 2005-இல் அகமதாபாத் வழக்கு வந்தபோது, விற்க விரும்பியவரிடம் அந்தப் பழைய கேடயம் இல்லை. சங்கத்திடமோ சங்கம் அமைக்கும் அடிப்படை உரிமை இருந்தது.

சட்டம் இவ்வாறு மாறி மாறி வரலாம். நபி (ஸல்) அவர்களின் வழிமுறை மாறவில்லை. ஹிஜ்ரத் செய்து மதீனா சென்றதும் அவர்கள் செய்த உடன்படிக்கை, யூதக் குலங்களையும் உள்ளடக்கிய ஓர் ஊரை உருவாக்கிற்று. அவர்களின் தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) தம் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று வீட்டாரைத் திரும்பத் திரும்பக் கேட்டதாக அபூதாவூதும் திர்மிதீயும் அறிவிக்கின்றன. அண்டையில் யூதரே இல்லாதபடி வேலி போட்டிருந்தால், அக்கேள்விக்கு இடமேது?

சிறுசேரியில் நாம் செய்யத்தக்கவை

கூடி வாழ்வது வேறு, வேலி போடுவது வேறு. பள்ளிவாசலுக்கு நடந்து செல்லும் தொலைவில் வீடு தேடுவதும், உறவினர் அருகில் குடியேறுவதும் எவர்க்கும் இயல்பே. கோவளத்தில் தமீமுல் அன்சாரி தர்காவைச் சுற்றி நம்மவர் வாழ்வதும் அவ்வாறே. ஆனால் அங்கு பிற சமயத்தாரும் வருகின்றனர், வாழ்கின்றனர். 'இன்னார் வாங்கக் கூடாது' என்று ஆவணத்தில் எழுதுவதுதான் வேலி. 2025-இல் மும்பைக்கு அருகே நேரலில் 'ஹலால்' குடியிருப்பு என்று ஒரு விளம்பரம் வந்தபோது எழுந்த எதிர்ப்பும், தேசிய மனித உரிமை ஆணையம் மகாராஷ்டிர அரசிடம் அறிக்கை கேட்டதும் நமக்குப் பாடமாகட்டும். நாமே அத்தகைய விதியை எழுதிவிட்டால், நாவலூரில் நம் சகோதரருக்குக் கதவு மூடப்படும்போது அநீதி என்று சொல்லும் தகுதியை இழப்போம்.

கதவு மூடப்பட்டவர்க்கு ஒரு செய்தி. அகமதாபாத் தீர்ப்பு, விதியை அறிந்து உறுப்பினராகும் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றியது. சிறுசேரி வட்டாரத்து அடுக்குமாடிகளில் பெரும்பாலானவற்றில் வீடும், நிலத்தில் பிரிபடாத பங்கும் பதிவு செய்த கிரயப் பத்திரத்தின் வழியே உரிமையாகின்றன. அங்கே உரிமையாளர் சங்கம் 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பராமரிப்புக்காக அமைவது. அத்தகைய சங்கம் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டுவிட்டு, அகமதாபாத் தீர்ப்பைக் காட்டி, மற்றொருவரின் விற்பனையை எளிதில் தடுத்துவிட இயலாது. எனவே "அசோசியேஷன் ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லப்பட்டால், அமைதியோடு அதை எழுத்தில் கேளுங்கள். விற்பவரிடம் நேரில் பேசுங்கள். பல நேரங்களில் மறுப்பு அவருடையதாக இராது. வழக்கறிஞரிடம் ஆலோசனை பெறுங்கள். மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்திடம் மனு அளிக்கவும் வழி உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வேண்டும் என்று கேட்போம். அது வந்தால் நமக்கு மட்டுமன்றி, சாதியின் பேரால் வீடு மறுக்கப்படும் சகோதரர்க்கும் துணையாகும்.

பள்ளிவாசல் முற்றத்தில் யோசனை சொன்ன அந்த மூத்தவரிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "என் அத்தா வாழ்ந்த தெருவில் பக்கத்து வீட்டு ஐயர் குடும்பத்துக்கு எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்துதான் கோடையில் தண்ணீர் போகும்" என்று சொன்னார். பத்து ஏக்கர் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை. வீடு மறுக்கப்பட்ட குடும்பம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. அவர்களோடு சேர்ந்து நாமும் தேடுகிறோம்.

நம்மை நல்ல அண்டை வீட்டாராகவும், நல்ல அண்டை வீட்டாரைப் பெற்றவர்களாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.